வரம்பு, பதிப்பு இரண்டு

மன்னார்குடியில்
உரக்கடைக்கு மேலே எங்கள் அலுவலகம்.
யூரியா வாசனையில்தான் எல்லா நிரலும் பிறக்கிறது.

சவரிராயன் டேப் ஆள்.
பர்வீன் இரண்டு இடம் விடுவாள்.
நான் நான்கு.
குஞ்சிதபாதத்துக்கு அரைப்புள்ளி ஆகாது.
கேட்டால், "ஓடுதுல்ல?" என்பான்.

அரிசி ஆலைத் தளத்தில்
ஒரு விலையை மாற்றினேன். ஒரே ஓர் எண்.
சேமித்ததும் எடிட்டர் தன் இஷ்டத்துக்கு வகிடெடுத்து
நானூற்றுப் பன்னிரண்டு வரி மாறியதாக
பச்சையும் சிவப்புமாய் நின்றது திரை.
அந்த எண்ணைத் தேடி
ஒரு மத்தியானத்தைத் தொலைத்தாள் பர்வீன்.
"களையெடுத்த கூலிய யாரு குடுப்பா?"

ஆறு தளங்கள், ஆறு விதிக் கோப்புகள்.
ஒன்றைப் பார்த்து ஒன்று நகலெடுத்தவை.
பங்காளிகள் மாதிரி
முக ஜாடை ஒன்று, பேச்சுவார்த்தை இல்லை.

ஆடிக் கடைசியில் உட்கார்ந்து
எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டினேன்.
பெயருக்கு மட்டும் இரண்டு நாள் சண்டை.
வரம்பு என்று வைத்தோம்.
வயலில் கால் வைத்து நடப்பதும் அதில்தான்,
மீறக் கூடாததும் அதைத்தான்.
இரண்டு இடம். அரைப்புள்ளி உண்டு.
(நான் தோற்றேன். குஞ்சிதபாதமும்.)

மேலே ஒரு ஷட்டரைத் தூக்கினால் போதும்
ஆறுக்கும் பாயும் என்று பீற்றிக்கொண்டேன்.
பாய்ந்தது.
அரிசி ஆலை, கல்யாண மண்டபம், நகை அடகு,
நீடாமங்கலத்து நர்சரி, ஒரு பல் டாக்டர்.

கடைமடையில்
வேதாரண்யத்து உப்பு வியாபாரியின் தளம்.
இரண்டு வருஷமாக யாரும் தொடாதது.
அங்கே ஒரு வரிக்கு மேல்
விதியை அணைத்து வைத்திருந்தாள்
வேலையை விட்டுப் போன தையல்நாயகி.
'இங்கே வேண்டாம்'. அவ்வளவுதான் குறிப்பு.
சோம்பேறித்தனம் என்று அழித்தேன்.
பெயரின் நடுவே இருந்த அடிக்கோட்டைப் பிடுங்கி
விதிப்படி ஒட்ட வைத்தேன்.
எச்சரிக்கை: பூஜ்யம்.
டீ குடிக்கப் போனோம்.

விடிகாலை நாலரைக்கு போன்.
"ஏம்மா, அஞ்சு லாரி ஏத்தியாச்சு.
கம்ப்யூட்டர்ல எடை பூஜ்யம்னு வருது.
உப்பு என்ன, கரைஞ்சா போச்சு?"

அவருடைய எடைமேடை
அந்த அடிக்கோட்டுப் பெயரில்தான் கணக்கு அனுப்பும்.
அது எங்கள் கூட்டத்துக்கு வரவில்லை,
கையெழுத்துப் போடவில்லை.

பெயரைத் திருப்பி வைத்தேன்.
தையல்நாயகியின் வரியையும்.
பிறகு பொதியைத் திறந்து
ஒரு விதி சேர்த்தேன்:
விலக்குக் கேட்கிறவர்
பக்கத்திலேயே காரணம் எழுத வேண்டும்.
இல்லாவிட்டால் சிவப்பு.

பதிப்பு இரண்டு வெளியான அன்று
முதல் சிவப்பு என் கோப்பில்தான் விழுந்தது.
மூன்று இடத்தில் அணைத்திருக்கிறேன்.
இரண்டுக்குக் காரணம் ஞாபகம் இருந்தது.
மூன்றாவதன் பக்கத்தில்
கர்சர் கண்ணடித்துக்கொண்டே இருக்கிறது.
கீழே டிஏபி மூட்டை இறக்குகிறார்கள்.