எதுவானாலும் சரி

செவ்வாய் மாலை ஆறரை.
கிரிம்ஸ்பியில், சலவைக்கடைக்கு மேலே ஓர் அறை.
கீழே யாருடைய போர்வையோ சுழல
எங்கள் மேசைகள் லேசாக நடுங்கும்.
பாடம் பதினொன்று: விருப்பம் தெரிவித்தல்.

'ப்ரிஃபர்' என்று தொடங்கினால்
இரண்டு பொருளுக்கும் நடுவில் 'தேன்' வராது,
'டு' தான் வரும் என்று பலகையில் எழுதினேன்.
காப்பியைவிடத் தேநீர்.
பூனையைவிட நாய்.
மலையைவிடக் கடற்கரை.
பாடப்புத்தகத்தில் வாழ்கிறவர்களுக்கு
இதற்கு மேல் தொல்லை எதுவும் கிடையாது.

வீட்டுப்பாடம் கொண்டுவந்தார்கள்.
மீன் ஆலையில் இரவு வேலை பார்க்கும் டங்குவோலே
கண்ணை மூடிக்கொண்ட மீன்தான் தனக்குப் பிடிக்கும் என்றும்
பதினாறு வருடத்தில்
அப்படி ஒன்றுகூட வரவில்லை என்றும் எழுதியிருந்தாள்.
ஷிலானுக்குப் பேருந்தில்
வலது சன்னலைவிட இடது சன்னல்.
காரணம் எழுதவில்லை.
ஹப்தோம் ஐந்து கேட்டால் ஒன்றுதான் எழுதியிருந்தான்:
சிறையைவிடக் கடல்.
நடுவில் 'தேன்' போட்டிருந்தான்.

என் சிவப்புப் பேனா 'தேன்' மேல் கோடு கிழித்து
'டு' என்று எழுதியது.
அரை மதிப்பெண் குறைத்தது.
அன்றிரவு கைகழுவும்போதெல்லாம்
அந்தக் கோடு விரலில் இருந்தது.
அடுத்த வாரம் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு
"கடல் சரி, சிறையும் சரி.
நடுவில்தான் தப்பு, இல்லையா டீச்சர்?" என்றான்.
கேலியா என்று முகத்தைப் பார்த்தேன்.
இல்லை, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.

பிறகு கடினமான பகுதி.
'வுட் ராதர்' சொல்லி
கூடவே இன்னொரு ஆளையும் சேர்த்தால்
வினைச்சொல் இறந்தகாலத்துக்குப் போய்விடும்.
பேசுவது நாளையைப் பற்றி,
சொல்லோ நேற்றின் சட்டையில்.

"இன்னும் நடக்காததற்கு எதற்கு இறந்தகாலம்?"
டங்குவோலே விடவில்லை.
"இங்கே அது இறந்தது இல்லை," என்றேன்.
"தூரம்.
கேட்கக் கூச்சப்படுகிறவர்
ஓரடி பின்னால் போய் நிற்பது மாதிரி."
புத்தகத்தில் அப்படி ஒரு விளக்கம் கிடையாது.
என் வாயில் அது எப்படி வந்தது?

ஹப்தோம் கை தூக்கினான்.
"இந்த ஊரில் ஒருவரும் இப்படிப் பேசுவதில்லையே.
வறுவல் கடையில் உப்பா வினிகரா என்றால்
ஐ டோன்ட் மைண்ட்.
வீட்டுக்காரரிடம் வாடகை திங்களா வெள்ளியா என்றால்
ஐ டோன்ட் மைண்ட்.
அது எத்தனையாவது பாடம்?"
எல்லாரும் சிரித்தார்கள்.
கீழே ஒரு இயந்திரம் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை.
ஜாஸ் மீனின் தோலைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினான்.
அபர்டீனில் வேலை, மூன்று வருட ஒப்பந்தம்.
நான் போகாமல் இருப்பதுதான் உனக்குப் பிடிக்குமா என்று கேட்டான்.
பாடம் பதினொன்று, இரண்டாம் பகுதி,
வினைச்சொல் பிசகாமல்.
ஒன்பது வருடமாக இதைச் சொல்லிக்கொடுப்பவள் நான்.
எதுவானாலும் சரி, நீயே முடிவு பண்ணு என்றேன்.
வினிகர் புட்டியை நகர்த்தி வைத்தேன்.

வகுப்பு முடிந்தது.
நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துவிட்டு
சலவைக்கடை வாசலில் நின்று
போனில் எழுதிப் பார்த்தேன்.
எழுவாய், வுட் ராதர், நீ, இறந்தகாலம்.
ஒரு பிழையும் இல்லை.
ஆனால் படித்தால்
அவன் ஏற்கெனவே கிளம்பிப் போய்விட்டது போல இருந்தது.
அழித்தேன்.
இன்னொரு முறை.
அழித்தேன்.

இடது சன்னலில் தலை சாய்த்து
ஷிலான் பேருந்தில் போனாள்.
அந்தப் பக்கம் துறைமுகத்தின் விளக்குகள் தெரியும் என்பதே
அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடைசியில் அனுப்பியது ஒரு வரி.
அங்கேயைவிட இங்கே நீ.
நடுவில் 'தேன்' விழுந்திருந்தது.
பார்த்தேன்.
சிவப்புப் பேனா பையில் இருந்தது,
இருக்கட்டும்.