பெரட்டுக் களம்

காலை ஆறு மணி. சுங்கை மெரந்தி.
நகராண்மைக் கழகத்தின் பச்சைப் படிவத்தில்
தேதி எழுதுகிறேன்.

துரை பங்களாவின் புல்வெளி, இப்போது
பாதுகாக்கப்பட்ட பூங்கா.
பூப் பறித்தால்கூட ஐந்நூறு வெள்ளி அபராதம்.
மழைமரங்களை நட்டவர் துரை என்கிறது பலகை.
குழி வெட்டியவர்கள் பெயருக்கு
இடம் போதவில்லை என்றார் ரோஸ்னானி;
மும்மொழியிலும் போட்டுப் பார்த்தார்களாம்.

எனக்கு எண்ணத்தான் சம்பளம்.
இருவாச்சி: ஆண் ஒன்று.
பெண் பொந்துக்குள் அடைந்திருக்கிறது,
அலகு நுனி தெரிந்தது, சேர்த்துக்கொண்டேன்.
லோத்தோங் பதினொன்று,
ஒன்றின் மடியில் ஆரஞ்சு நிறக் குட்டி.
ஆகவே பன்னிரண்டு.
உடும்பு, வழக்கம்போல் கக்கூஸ் தொட்டிப் பக்கம்.

நான் நிற்கும் இந்தச் சிமெண்டு மேடையில்தான்
கிராணி பெரட்டுக்குப் பேர் கூப்பிட்டது,
ஐந்தரைக்கு, லாந்தர் வெளிச்சத்தில்.
செக்ரோல் ஒன்று உள்ளே கண்ணாடிக்குள் இருக்கிறது.
வீரபத்திரன்: பேர் இல்லை, காய்ச்சல்.
சடையம்மா: அரைப்பேர், தாமதம்.
சடையம்மா: அரைப்பேர், தாமதம்.
அப்புறம் அவள் பெயர்மேல் ஒரு சிவப்புக் கோடு.
ஏன் என்று எழுத அதில் கட்டம் கிடையாது.

குளத்தில் அலை.
நீர்நாய்கள் நான்கு கரையேறி
பெரட்டுக் களத்துப் புல்லில் புரண்டு
ஈரம் துடைக்கின்றன.
ஐந்தாவதைக் காணோம்.

படிவத்தை மடிக்கும்போது வந்தது,
பின்னங்காலை இழுத்துக்கொண்டு,
வாயில் துடிக்கும் கெளுத்தியோடு.

ஏழரைக்கு மேல் வருவது
கணக்கில் சேராது. விதி அப்படி.

பேனா மூடியைத் திறந்தேன்.
முழுப்பேர்.