நாலு மணிக் காச்சல்

சாயங்காலம் நாலுக்கு டீ வரும்.
டீயோட காச்சலும் வரும்.
ஒம்பது வாரமா இதே ஷிப்டு.

கண்ணாடி மேசைக்கு அடியில டியூப்லைட் எரியும்.
மேல பனியனை விரிச்சு
ஓட்டை தேடறது என்ற வேல.
நாலுக்கப்பறம் எல்லாப் பீஸும்
ஓட்டையாத்தான் தெரிஞ்சுது.
பீஸ் டிக்கெட்டுக்குப் பின்னால
பென்சில்ல எழுதி வெச்சேன்:
நூத்தியொண்ணு.
நூத்தியொண்ணரை.
ஞாயித்துக்கெழம, லீவுன்னு பாக்காம, நூத்திரெண்டு.

பெருமாநல்லூர் ரோட்டு டாக்டர் டைபாய்டுன்னார்.
ஊசி அஞ்சு, மாத்திரை ஒரு பை.
அவினாசியில டெங்கு இல்ல, மலேரியா இல்லன்னாங்க.
பெரியாஸ்பத்திரியில நெஞ்சைப் படம் புடிச்சு
சளி கேட்டாங்க.
என்கிட்ட சளியே இல்ல.
அதுக்குள்ள சூப்பர்வைசர் சென்னியப்பன்
எனக்குன்னு தனி டம்ளர் வெச்சுட்டார்.
மலைக்குப் போய்க் கயிறு கட்டிக்கிட்டேன்.
கயிறும் சுட்டுது.

நாக்கு வழுவழுன்னு ஆகி
வெறும் ரசமே எரிஞ்சுது.
வெரல் முட்டியெல்லாம் கருத்துப் போச்சு;
'சாயப்பட்டறையா?'ன்னு பஸ்ஸுல ஒருத்தி கேட்டா.
கால் மெட்டி கழண்டு போனது
மூணு நாள் கழிச்சு வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும்.
இதையெல்லாம் எந்த டாக்டர்கிட்டயும் சொல்லல.
அவங்க காச்சலைத்தான கேட்டாங்க.

லேப்புல இருந்த புள்ள பேரு பிரிசில்லா.
மிஷின் குடுத்த கணக்கை நம்பாம
ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடியில இழுத்து
குனிஞ்சவ நிமிரவே இல்ல.
அவளும் என்னாட்டவே,
வெளிச்சத்து மேல விரிச்சு ஓட்டை பாக்கறவ.

'வாங்கக்கா, நீங்களே பாருங்க.'
ஊதாப்பூ ஒண்ணு.
எண்ணினேன், ஆறு இதழ்.
மூணோ நாலோதான் இருக்கோணுமாம்.
சுத்தியும் செவப்பணு, முட்டை முட்டையா,
எல் சைஸ் ஆர்டருக்கு
டபுள் எக்ஸெல் தெச்சு வெச்சாப்புல.

டாக்டர் நவநீதன் என்ற வேலயைக் கேட்டுட்டுச் சொன்னார்:
'எலும்புக்குள்ளயும் ஒரு கம்பெனி ஓடுதும்மா.
பி பன்னண்டுன்னு ஒரு நூலு வரல.
பாதிப் பீஸு வெளிய வர்றதுக்குள்ள
உள்ளயே கிழிஞ்சு போகுது.
அந்தச் சூடுதான் காச்சலா இருக்கலாம்.'
இருக்கலாம்னுதான் சொன்னார்.
மத்தவங்க எல்லாரும் அடிச்சுச் சொல்லியிருந்தாங்க.

'கறி, முட்டை, பால்?'

ஏழு வருசத்துக்கு முன்னால
பையன் மஞ்சக்காமாலையில கெடந்தப்போ வேண்டிக்கிட்டது.
கறி விட்டேன். முட்டை விட்டேன்.
பாலு வேண்டுதல்ல இல்ல;
அது அரை லிட்டரும் மூணு பேரும்.

ஊசி மருந்து செக்கச்செவேல்னு இருந்துச்சு.
'இது சைவமா, கண்ணு?'
நர்ஸு சிரிச்சா:
'செவப்பா இருக்கறதெல்லாம் ரத்தமாக்கா?
கையைக் காட்டுங்க.'
சாமிகிட்ட அதையே அப்படியே சொல்லிட்டேன்.
சாமி மறுத்துப் பேசல.

மூணாம் நாள். நாலு மணி. டீ வந்துச்சு.
பொறங்கையைக் கழுத்துல வெச்சுக்கிட்டு
கடேசி பஸ்ஸுக்கு நிக்கறவளாட்ட நின்னேன்.
நாலே கால்.
நாலரை.
வரல.
வராததுக்குப் போய்
கண்ணு நெறஞ்சுது.
சென்னியப்பன் பாத்துட்டு
'மறுபடியுமா?'ன்னு ரெண்டடி தள்ளிப் போனார்.

காலு இன்னும் பாதி மரத்துத்தான் கெடக்குது.
மாசக் கணக்காகும், முழுசா வந்தா வரும்னாங்க.
செருப்பு இருக்குதான்னு குனிஞ்சு பாத்துத்தான் நடக்கறேன்.

அன்னைக்கும் பழக்கத்துல
டிக்கெட்டுக்குப் பின்னால எழுதியிருக்கறேன்:
தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு.
கிழிச்சு வெக்க மறந்துட்டேன்.
பீஸு பாஸாகி, மடிச்சு, பெட்டி கட்டி,
தூத்துக்குடி லாரியில ஏறிப் போயிருச்சு.