கொம்பு

குளச்சல் ஸ்டேஷனில் ரைட்டர் நான்.
எட்டு மாதம் சிவப்பு மையில்
றீகனின் அறிக்கைகளைக் குதறினேன்.
வள்ளம் அதில் வளள்ம்.
வண்டி எண்ணில் எழுபத்துநாலு
நாற்பத்தேழாகிக்
கரூருக்குப் போய்விடும்.
அக்கறையில்லை என்று
மெமோ அடித்ததும் நானே.

கொட்டில்பாட்டில் வலைச் சண்டை நடந்த இரவு
ஈரப் பூட்ஸோடு வந்து நின்று சொன்னான்:
யார் கையில் துடுப்பு, யார் வெறுங்கை,
எந்த எஞ்சின் இன்னும் சூடு,
பதினோரு பேர், பதினோரு தகப்பன் பெயர்.
துண்டுக் காகிதம்கூடக் கையில் இல்லை.

"இதையே எழுதினா என்னடே?"

"எழுத்து நிக்காது மேடம்.
கெ-ன்னு சொன்னா க முந்தி வருது.
எழுதும்போ மட்டும் கொம்பு ஏன்
முன்னால போய் நிக்குது?"

இருபத்திரண்டு வருடம் எழுதிய கை
சும்மா மேசையைத் தடவிக்கொண்டிருந்தது.

இப்போது அவன் சொல்ல நான் டைப் அடிக்கிறேன்.
பெரிய எழுத்து,
வரிகளுக்கு நடுவே ஆள் நடக்க இடம்.
வாசித்துக் காட்டும்போது
அவன் ஸ்கேல் ஒவ்வொரு வரியாய் இறங்கும்.
வண்டி எண்களை இரண்டிரண்டாய்
வயர்லெஸ்ஸில் திருப்பிச் சொல்வான்.
"அவனுக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்று
பாராக்காரர் இன்னும் கேட்கிறார்.

மெமோவை நீக்கச் சொல்லி நான் எழுதிய கடிதம்
நாகர்கோவிலில் ஏதோ ஒரு தட்டில்.

போன செவ்வாய், இரணியல் கோர்ட்.
வாக்குமூலத்தை நீட்டினார் வக்கீல்: "வாசியும்."
"வாசிக்க நேரமாகும் ஐயா.
பார்த்ததைச் சொல்லட்டுமா?"

சொன்னான்.
டைப்பிஸ்ட்தான் இரண்டு முறை
கையைத் தூக்கி
நிறுத்தச் சொன்னார்.