எண், எண்ணம், எண்ணெய்

லேனா ஆறு உறைந்து சாலையாகும் துறையில்,
யாகுட்ஸ்க் நகரின் விளிம்பில், எனக்கொரு கடை.
பெல்ட், பல்பு, வைப்பர், எண்ணெய்.
"எது நல்லது அய்த்தா?" என்று கேட்காமல்
எந்த லாரிக்காரனும் கையுறை கழற்றுவதில்லை.
எதில் எனக்கு லாபம் கூடுதலோ
அதைத்தான் என் வாய் நல்லது என்கிறது.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று கெஸ்கில் மார்தட்டினான்:
"இந்த எண்ணெயால்தான் என் வண்டி
நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடிற்று."
நாலு லட்சம்: ஏறிப்போய் மீட்டரைப் பார்த்தேன், சரி.
ஓடிற்று: இதோ, வாசலில் உறுமிக்கொண்டிருக்கிறது.
அந்த "ஆல்" மட்டும்
எந்த முள்ளிலும் தட்டுப்படவில்லை.

திகின் வேறொரு டப்பாவைக் காட்டினான்.
"இதை ஊற்றித்தான் என் மச்சான் வண்டி படுத்ததாம்.
நோவோசிபிர்ஸ்கில் யாருமே தொடுவதில்லையாம்.
ஒரே வாரத்தில் கறுத்துவிடுகிறதாம்."
வாலில் தொங்கும் அந்த ஆம்களை உரித்தால்
மிச்சம் ஒரு மச்சான்,
படுத்த ஒரு வண்டி,
கொஞ்சம் கறுப்பு.
அழுக்கைத் தான் வாங்கிக்கொண்ட எண்ணெயும்
கறுக்கத்தானே செய்யும்?

டப்பாவும் லேசுப்பட்டதில்லை.
"மூன்று மடங்கு பாதுகாப்பு." எதைவிட?
பின்பக்கம், மூக்குக்கண்ணாடி கேட்கும் எழுத்தில்:
பூஜ்யம் டபிள்யூ முப்பது.
அந்த டபிள்யூவை எடை என்று
பத்து வருஷம் நானே சொல்லியிருக்கிறேன்.
தலையாட்டிப் போனவர்கள் எத்தனை பேரோ,
இப்போது யார் யாரிடம் சொல்கிறார்களோ.
விண்டராம்.
இல்லை, இதில் ஆம் வேண்டாம். விண்டர்.
தர அட்டவணையைத் திறந்து நானே படித்தேன்.

சண்டை முற்றியதும்
மூன்று எண்ணெயை மூன்று குப்பியில் ஊற்றினேன்.
பெயரை மறைத்து ஒன்று, இரண்டு, மூன்று எனக் குறித்து
சறுக்குவண்டி மேல் இரவெல்லாம் வைத்தேன்.
விடிந்தபோது கம்பத்து வெப்பமானியில்
கழித்தல் ஐம்பத்தொன்று.
விட்ட மூச்சு பொடியாகிக்
காதோரம் சலசலத்து உதிரும் குளிர்.

முதல் குப்பி சாயவும் அசையவில்லை.
கவிழ்த்தேன். மெழுகுபோல் ஒட்டியே நின்றது.
இரண்டாவது, நெடுநேரம் யோசித்து
ஒரு நாக்கை மட்டும் நீட்டியது.
மூன்றாவது வந்தது.
மெதுவாகத்தான். ஆனால் வந்தது.

"பார்த்தீர்களா?"
பார்த்தார்கள்.
"ஓடுகிறதே, மூன்றாவதுதான் உசத்தி" என்றான் கெஸ்கில்.
"ஓடுகிற தண்ணி எதைக் காப்பாற்றும்? இரண்டாவதுதான்" என்றான் திகின்.
சாய்ந்தது குப்பி மட்டும்.
அவர்கள் இருவரும்
நேற்று நின்ற இடத்திலேயே உறைந்திருந்தார்கள்.

அதுவரை தேநீரில் பால் கலக்கிக்கொண்டிருந்த உய்பான்
தலை நிமிராமல் கேட்டார்:
"நீங்கள் கடைசியாக வண்டியை அணைத்தது எப்போது?"
கெஸ்கில் விரல்விட்டு எண்ணினான். நவம்பர் எட்டு.
திகின், "அணைத்தால் மே வரை
எவன் உயிர் கொடுப்பது?" என்றான்.

அணையாத எஞ்சினுக்காகவா
உறைந்த எண்ணெயில் ஒரு ராத்திரி வழக்கு!
சிரித்தோம்.
எனக்கு மட்டும் கொஞ்சம் சுருக்கென்றது.
குப்பி பொய் சொல்லவில்லை.
யாரும் கேட்காத கேள்விக்கு
சரியான பதில் சொல்லியிருந்தது.

ஓர் அட்டை கிழித்துக் கல்லாவுக்கு மேல் தொங்கவிட்டேன்:
"மூன்றாம் குப்பி, கழித்தல் ஐம்பத்தொன்றில்,
ஒரு இரவுக்குப் பின், ஓடியது."
நல்லது என்று எழுதவில்லை.
எழுத எடுத்த கையை இழுத்துக்கொண்டேன்.

மதியம் மிர்னியிலிருந்து வந்த ஒரு பையன்
அட்டையை இரண்டு முறை வாசித்தான்.
பிறகு, அசையாமல் நின்ற முதல் எண்ணெயைக் கேட்டான்.
"ஏன்?"
"சிவப்பு டப்பா."
மறுக்க முடியாது. சிவப்புதான்.
காசை வாங்கிக்கொண்டேன்.
"வண்டியை மட்டும் அணைக்காதே" என்றேன்.