இரண்டுக்கும் பொதுவானவை

ஹட்டன் ஒஃபிஸின் பின்சுவர்
மண்மேட்டை ஒட்டி நிற்கிறது.
மூன்று நாள் மழைக்குப் பிறகு
செவ்வாய் நாலு மணிக்கு
மேடு கசியத் தொடங்கியது.
முதலில் வயர் நுழையும் துளையில் ஒரு நூல்.
பிறகு யாரோ பைப்பைத் திறந்து மறந்துபோனதுபோல.

கீழறையில் புது சேர்வர்.
மாசியில் வந்தது, முன்பக்க பிளாஸ்டிக்கைக்கூட
நான் இன்னும் முழுசாய் உரிக்கவில்லை.
மேல்மாடியில் பழையது.
பதின்மூன்று வருஷம், ஓடினால் ஆட்டுக்கல் சத்தம்.
டிஸ்க் எல்லாம் மேலேதான்,
ஆகவே பயமில்லை என்று நினைத்தேன்.
ஓடுகிற மெஷினை ஓடவிட்டபடியே
மாடிக்கு அனுப்பிவிடலாம்;
அதற்குத்தானே இத்தனை ஏற்பாடும்.

கட்டளை கொடுத்தேன். மறுத்தது.
இந்த விருந்தாளி பாவிக்கிற வசதிகள்
அந்த வீட்டில் இல்லை என்றது.
கீழே ஒரு பட்டியல்,
ஏவிஎக்ஸ் ஐந்நூற்றுப் பன்னிரண்டு முதலாகப்
பதினேழு பெயர்.

பிழை என்னுடையது.
இருக்கிற ப்ரொசசரை
இருக்கிறபடியே காட்டு என்று
நான்தான் எழுதி வைத்தேன்.
காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம்,
எல்லாவற்றையும் பார்க்கட்டுமே என்று.

கண் விழிக்கும்போது
அது ஒரே ஒருமுறை கேட்கும்:
உனக்கு என்னென்ன தெரியும்?
கேட்ட பதிலை அணையும்வரை நம்பும்.
நடுவழியில் போய்
நீ பார்த்ததைப் பார்க்கவில்லை என்று
சொல்ல இடமில்லை.

கொழும்பிலிருந்து இந்துனில்:
"ஓஃப் கரன்ன, நங்கி."
உள்ளேயிருந்து ரீஸ்டார்ட் கொடுத்தால் போதாதாம்.
முழுசாய் அணைத்துத்தான் எழுப்ப வேண்டுமாம்.

மணி நாலு இருபது.
ஏழு தோட்டத்திலும் அந்திக் கொழுந்து
தராசுக்கு வருகிற நேரம்.
ஒவ்வொரு கிலோவும் இந்த மெஷினில்தான் வந்து விழும்.
குறைந்தால் யாரோ ஒருத்திக்கு
அரைப்பேர்.

ஏழு பேருக்கும் ஃபோன் போட்டேன்.
ஸ்டோன்ஹில் தராசில் மருதவீரன்.
"பன்னண்டு நிமிஷமா?
கொழுந்து நிக்கும் மிஸ், ஆள் நிக்காது."
"எழுதி வைங்க."
"எதுல?"
"எதுலயாவது."

தண்ணீர் செருப்பைத் தொட்டது.
அணைத்தேன்.
ப்ரொசசர் மாதிரி என்ற இடத்தில்
பழையதன் தலைமுறையை எழுதினேன்.
ஏஇஎஸ் இரண்டிலும் உண்டு, இருக்கட்டும்,
சம்பள ஃபைலைப் பூட்ட வேண்டும்.
மற்றவை போகட்டும்.

இது எனக்குப் புதிதில்லை.
இந்துனிலோடு ஒரு சிங்களம்,
யாழ்ப்பாணத்து ஓடிட்டரோடு இஸ்திரி போட்ட ஒரு தமிழ்.
எந்தப் பக்கம் அனுப்பினாலும்
அறுந்துபோகாத அளவுக்கு
நானும் என்னைக் குறைத்துத்தான் எழுதிவைத்திருக்கிறேன்.
மருதவீரனோடு மட்டும்
கொஞ்சம் கூடுதலாய் வரும்.

மேல்மாடியில் எழுந்தது.
ஆட்டுக்கல் சுற்றியது.
பன்னிரண்டு என்றேன், பதினாலாகிவிட்டது.
வொச்சர் சாஹிரும் நானும்
கீழே புதுசின் வயர்களைப் பிடுங்கி
இரண்டு மேசைமேல் ஏற்றினோம்.

ராத்திரி ஏழு மணிக்கு
ஸ்டோன்ஹில்லிலிருந்து ஒரு படம் வந்தது.
தேயிலைப் பையின் காகிதத்தைக் கிழித்துப்
பென்சிலால் அறுபத்துமூன்று பெயர்.
ஒன்றின்மேல் மழைத்துளி:
செல்லத்தங்கம், பத்துக்குப் பக்கத்தில்
எட்டா, மூன்றா?

பதினெட்டு என்றால் முழுப்பேர்.
மருதவீரனைக் கேட்டேன்.
பின்னால் தள்ளி ஒரு பெண் குரல்,
கோபமாய்: "பதினெட்டு!"
இரண்டாவது தடவை கேட்கவில்லை.
பதினெட்டு என்று பதிந்தேன்.

வியாழன் கீழறை காய்ந்தது.
பட்டப்பகலில், ஓடவிட்டே,
மெஷினைத் திரும்பக் கீழே இறக்கினேன்.
ஒரே ஒரு பிங் தவறியது.
செக்ரோல் கிளார்க் தேநீர்க் கோப்பையைக்கூட
கீழே வைக்கவில்லை.

"இனி எல்லாத்தையும் திறந்து விடலாமே,
சம்பளக் கணக்கு நாலு நிமிஷம் பிந்துது"
என்றார் மனேஜர்.

பிந்தட்டும், சேர்.
ஜன்னலைத் திறந்து காட்டினேன்.
மேடு அங்கேயேதான் நிற்கிறது.