நகர்த்திய கோப்பு

மணி இரண்டு பத்து.
பெள்ளந்தூர் ஏரிப் பக்கத்துச் சன்னலை
யாரும் திறப்பதில்லை, நுரை நாற்றம்.
ஆறாவது மாடியில்
நானும் ஏசியும்தான் முனகிக்கொண்டிருக்கிறோம்.

பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்லும் சர்வர்
எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.
கோப்பு இருக்கிறது. உரிமையாளர் சரி.
யாரும் படிக்கலாம் என்று
அறுநூற்று நாற்பத்து நான்கும் போட்டாயிற்று.
நான் ரூட். இந்த இயந்திரத்தில்
எனக்கு மேல் ஆள் கிடையாது என்று
போன வருடம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தணிக்கைப் பதிவில் ஒரே வரி, நாற்பது தடவை:
மறுக்கப்பட்டது.

கீர்த்திவாசன் போனில், போர்வைக்குள்ளிருந்து:
"அந்தச் சனியனைப் பர்மிசிவ்ல போட்டுட்டுக் கிளம்புங்க.
காலையில பாத்துக்கலாம்."
காலையில் பார்த்துக்கொள்ள விட்டதில்
மூன்று சர்வர்கள் இரண்டு வருடமாக
வாயைப் பிளந்தபடி கிடக்கின்றன.
பர்மிசிவ் என்றால்
நுழைபவன் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு
எவனையும் உள்ளே விடுவது.

குறுக்கு வழி இன்னொன்றும் உண்டு.
மறுத்ததையெல்லாம் ஒரு நிரலிடம் அள்ளிக் கொடுத்தால்
அப்படியே அனுமதியாகத் திருப்பி எழுதித் தரும்,
கதவைத் தட்டியவனிடமே கேட்டுச் சட்டம் எழுதுவதுபோல.
ஒருமுறை செய்தேன்.
ஒரு மெயில் சர்வருக்கு
ஊரார் அடுக்களை முழுக்கத் திறந்துவிட்டது.
இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வரியை மறுபடி எழுத்துக் கூட்டிப் படித்தேன்.
யார் கேட்டது, எதைக் கேட்டது,
கேட்கப்பட்டதன் நெற்றியில் என்ன சீட்டு.
அங்கே இருந்தது:
வீட்டுக் கோப்பு.

சாயங்காலம் என் வீட்டு அடைவில் எழுதி
இங்கே நகர்த்தியது நான்தான்.
நகலெடுத்திருந்தால் வந்த இடத்தின் சீட்டை வாங்கியிருக்கும்.
நகர்த்தியதால்
புறப்பட்ட இடத்தையே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.
ஒரே கட்டளை. இருக்கும் இடத்தைப் பார்த்துச்
சீட்டைத் திருத்தியது.
சர்வர் எழுந்தது. ஒரு பூட்டும் கழற்றவில்லை.

மூன்றே கால். வாசலில் டிகேஷ்வர்.
எத்தனையோ இரவு இவர் ஃப்ளாஸ்க்கில் டீ குடித்திருக்கிறேன்,
நௌகாவில் இவர் மகள் கணக்கில் வாங்கிய மார்க்
எனக்கு மனப்பாடம்.
"லேப்டாப் வெளிய போகச் சீட்டு வேணும், மேடம்."
"என்னைத் தெரியாதா?"
"தெரியும்" என்றார்,
தடுப்புக் கட்டையைத் தூக்காமல்.

எரிச்சல்தான். கொஞ்சம் கத்தினேன்கூட.
அப்புறம் பையை அவர் மேசையிலேயே வைத்தேன்.
ஒப்படைத்ததற்கு நோட்டை நீட்டினார்.
பெயர். நேரம். பொருள்.
'எங்கிருந்து' என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
பதினோரு வருடமாக இந்த ஊரில்
அந்தக் கட்டத்தைக் கண்டாலே
திண்டிவனம் என்று எழுதும் கை.

ஆறாவது மாடி
என்று எழுதினேன்.